லைட் சென்சாருக்கு டிமாண்ட் இருக்கு, உங்க பணத்துக்கு லாபம் இருக்கா?



வெயில்ல போனா மொபைல் ஸ்க்ரீன் தானா பிரகாசமாகுது. இருட்டினதும் தெருவிளக்கு தானா எரியுது. விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஆக்ஸிஜன் அளவைச் சொல்லுது. நூல் மில்லுல ஆப்டிகல் யார்ன் க்ளியரர் நூலோட தடிமனைக் கண்காணிக்குது. எல்லாத்துக்கும் கண் மாதிரி இருக்கிறது லைட் சென்சார்தான்.

இந்தியாவிலும் இதுக்கு ஆதரவு இருக்கு. 2021 டிசம்பர்ல மத்திய அரசு அறிவிச்ச ₹76,000 கோடி செமிகண்டக்டர் திட்டத்துல சென்சார் தொழிற்சாலைகளும் அடக்கம். 2022-ல் செய்த திருத்தத்துல, தகுதியான முதலீட்டுச் செலவுல 50% உதவின்னு நிர்ணயிச்சாங்க.

"அப்போ சென்சார் ஷேர் வாங்கிடலாமா?" கொஞ்சம் பொறுங்க.

விற்பனை வேற, லாபம் வேற

ஆயக்குடி கொய்யாவையே எடுத்துக்குங்க. பழத்துக்குக் கிராக்கி இருக்கு. ஆனா தோட்டக்காரர் கையில நிக்கிற காசு, அன்னைக்கு வரத்தையும் ரேட்டையும் பொறுத்தது. மொத்தப் பழத்தையும் ஒரே வியாபாரியை நம்பிப் பறிச்சா, அவர் "வேண்டாம்"னு சொல்ற அன்னைக்கு என்ன ஆகும்?

அதுதான் ஏஎம்எஸ் ஓஸ்ராமுக்கு நடந்தது. லைட் சென்சார் உலகத்துல பெரிய பெயர். ஆஸ்திரிய நிறுவனம், சுவிட்சர்லாந்து சந்தையில பட்டியலாகியிருக்கு. ஸ்க்ரீனுக்கான மைக்ரோஎல்இடி ப்ராஜெக்டை நம்பி மலேசியாவுல தொழிற்சாலையும் கட்டினாங்க. 2024 பிப்ரவரி 28 அன்னைக்கு அந்த ப்ராஜெக்ட் ரத்தானதா நிறுவனமே அறிவிச்சது. ஒரே நாள்ல ஷேர் விலை மூணுல ஒரு பங்குக்கு மேல விழுந்தது. இதுக்குக் காரணம் சென்சார் டிமாண்ட் குறைஞ்சது இல்ல. ஆனா ஷேர் வச்சிருந்தவங்க பணம் குறைஞ்சது.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய 3 விஷயம்

1. வருமானத்துல சென்சார் பங்கு எவ்வளவு? "நாங்க சென்சாரும் செய்றோம்"னு சொல்ற கம்பெனிக்கு அது 60%-ஆ, வெறும் 2%-ஆ? ஆண்டறிக்கையில செக்மென்ட் நோட்டைப் படிங்க.

2. வாங்குறவர் யார்? ஒரே வாடிக்கையாளர்கிட்ட இருந்து 10% அல்லது அதுக்கு மேல வருமானம் வந்தா, இண்ட் ஏஎஸ் பின்பற்றுற பட்டியலான இந்திய கம்பெனி அதைச் சொல்லியே ஆகணும். இது இண்ட் ஏஎஸ் 108 விதி. பெயர் சொல்லணும்னு கட்டாயமில்ல. தொகை தெரிஞ்சாலே ரிஸ்க் புரியும்.

3. லாபம் காசா வருதா? லாபம் ஏறியும் ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ வருஷா வருஷம் மைனஸ்ல இருந்தா, சரக்கு குடோன்லயோ, பாக்கி வாடிக்கையாளர்கிட்டயோ தேங்கியிருக்கலாம்.

வெளிநாட்டு ஷேர்னா இன்னொரு வேலையும் உண்டு. ஒரே ஒரு ஷேர் வச்சிருந்தாலும் ஐடிஆர்-1 போட முடியாது. சம்பளக்காரங்க பொதுவா ஐடிஆர்-2 போட்டு, ஷெட்யூல் எஃப்ஏ-ல விவரம் காட்டணும். அதுல கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கும், ஏப்ரல்–மார்ச் இல்ல.

எமர்ஜென்சி ஃபண்டைக் கலைச்சோ, ஓடிட்டு இருக்கிற எஸ்ஐபி-யை நிறுத்தியோ எந்தத் தீமுக்கும் பணம் மாத்தாதீங்க. இது ஷேர் பரிந்துரை இல்ல. உங்க மனசுல இருக்கிற கம்பெனியோட ஆண்டறிக்கையை டவுன்லோட் பண்ணி, முதல்ல அந்த 10% வாடிக்கையாளர் வரியைத் தேடிப் பாருங்க.