‘நூற்று ஐந்து’ ஏன் 1005 ஆகிறது? இடமதிப்பைப் புரிய வைக்கச் சில வழிகள்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் ‘நூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால், சில பிள்ளைகள் 1005 என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5. காதில் விழுந்ததை அப்படியே வரிசையாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பழைய தமிழ் எண்முறையும் இப்படித்தான் இருந்தது. நூறுக்கு ௱, ஐந்துக்கு ௫ என்று தனித்தனிக் குறிகள். 105-ஐ ௱௫ என்று எழுதினார்கள்; சுழியம் தேவைப்படவில்லை. இன்றைய முறையில் நூறுக்கெனத் தனிக்குறி கிடையாது. இலக்கம் நிற்கும் இடமே அதன் மதிப்பைச் சொல்கிறது. பிள்ளைக்கு இன்னும் பிடிபடாதது இதுதான்.

1. முதலில் சோதித்துப் பாருங்கள்

16 குச்சிகளைக் கொடுத்து, எண்ணி எழுதச் சொல்லுங்கள். 6-ஐத் தொட்டு, “இது எத்தனை குச்சி? எடுத்துக் காட்டு” என்று கேட்டால் ஆறு குச்சிகளை எடுப்பார்கள். அடுத்து 1-ஐத் தொட்டுக் கேளுங்கள். ஒரே ஒரு குச்சியைக் காட்டினால், “அப்ப மிச்ச குச்சி எல்லாம் எதுல இருக்கு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பயிற்சி நூலில் ‘பத்து’ என்று சரியாக நிரப்பும் பிள்ளைகூட இங்கே தடுமாறலாம்.

2. கட்டட்டும், அவிழ்க்கட்டும்

ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டச் சொல்லுங்கள். நாம் கட்டிக் கொடுக்கக் கூடாது. அவர்களே எண்ணிக் கட்ட வேண்டும். 42 என்பது 4 கட்டு, 2 குச்சி. ஒரு கட்டை அவிழ்த்தால் 3 கட்டு, 12 குச்சி. ஆனாலும் அது 42தான். 42 - 17 கணக்கில் நாம் செய்வதும் இதுவே. இதைக் கையால் செய்து பார்க்காத பிள்ளை, 7-இலிருந்து 2-ஐக் கழித்து 35 என்று எழுதிவிடும்.

ரிங்கிட் தாள்களைப் பிறகு பயன்படுத்துங்கள். 10 ரிங்கிட் தாளுக்குள் பத்து 1 ரிங்கிட் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

3. அடுக்கு அட்டை

100 என்று ஓர் அட்டை. ஓர் இலக்க அகலத்தில் 5 என்று இன்னோர் அட்டை. 100-இன் கடைசிச் சுழியத்தின் மேல் 5-ஐ வைத்தால் 105. “நூறு எங்க போச்சு?” என்று கேட்டு, 5-ஐத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். 1005 என்று எழுதிய பிள்ளைக்கு இது நன்றாக உதவும்.

4. எண் பெயரைக் கவனியுங்கள்

இருபது, முப்பது என்ற பெயர்களில் எத்தனை பத்து என்பது காதிலேயே கேட்கிறது. இது தமிழில் நமக்கு வசதி. ஆனால் தொண்ணூறில் ‘நூறு’ ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. 90, 900 வரும் எண்களைச் சொல்வதெழுதுதலில் தனியாகப் பயிற்சி கொடுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

352-இல் 5-இன் இடமதிப்பு பத்து. இலக்க மதிப்பு 50. ‘எந்த இடத்தில் நிற்கிறது?’ என்பதற்கு விடை இடமதிப்பு. ‘அங்கே நிற்பதால் எவ்வளவு?’ என்பதற்கு விடை இலக்க மதிப்பு. குழப்பம் வந்தால், எண்ணை 300 + 50 + 2 என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.

நாளுக்குப் பத்து நிமிடம் குச்சிக்கட்டுக்கு ஒதுக்குங்கள். பின்னால் வரும் தசமம்வரை எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.