ஒரு இழு இழுத்தா சரியாயிடுமா?

மதுராந்தகம் போகும் வழியில், கருங்குழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் ஸ்கூட்டரோடு வலது தோள் தரையில் மோத விழுந்தேன். (பி.காமில் விழும் முறை சொல்லித் தரவில்லை.)

"பிசகு தம்பி, ஒரு இழு இழுத்தா சரியாயிடும்" என்று டீக்கடைப் பெரியவர் கையைப் பிடித்தார்.

"வேணாங்க பெரியவரே, எக்ஸ்ரே எடுத்துடறேன்" என்று கும்பிட்டேன், இடது கையால்.

பிசகு இல்லை. காறை எலும்பு முறிவு!

காறை என்றால் கழுத்து நகை. இந்தக் காறை வெறும் அலங்காரமில்லை. கை உடம்போடு எலும்பால் இணைந்திருப்பதே இது ஒன்றின் வழியாகத்தான். பின்னால் இருக்கும் முக்கோணத் தோள்பட்டை எலும்பு விலாவின்மேல் மிதப்பது தசைகளின் தயவு. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவது காறை. முழுசாக முடிய இருபது வயசு தாண்டும்.

மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத குழியில் உட்கார்ந்திருக்கிறது, தோசைக்கல்லில் எலுமிச்சம்பழம் மாதிரி. அதனால்தான் முதுகு சொறிய முடிகிறது. அதனால்தான் பெரிய மூட்டுகளில் அதிகம் பிசகுவதும் இது.

பிசகா, முறிவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் எப்போதும் தெரியாது. காறைக்கு அடியிலேயே கைக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. முறிந்ததை இழுத்தால்?

எனக்கு மாவுக்கட்டுகூட இல்லை. கழுத்தில் தூளி, ஆறு வாரம். அப்புறம் அதே கடைக்கு டீ குடிக்கப் போனேன்.

"நான் இழுத்திருந்தா அன்னிக்கே சரியாயிருக்கும்" என்றார் பெரியவர்.