அம்மாவின் பேரும் என் கணினியும்

பூண்டுலோயாவில் எங்கள் லயத்துக்கு அம்மா மலையிலிருந்து திரும்பியதும் முதலில் சொல்வது அன்றைய கொழுந்தின் கிலோக் கணக்கைத்தான். அதை நான் கொப்பியில் எழுதி வைப்பேன். 2021இல் ஒரு மாதம் சம்பளத் துண்டில் இரண்டு நாட்களுக்கு அரைப் பேர் விழுந்திருந்தது. எங்கள் கொப்பியின்படி இரண்டும் முழுப் பேர். கேட்டதற்கு, செக்ரோலில் இருப்பதுதான் கணக்கு என்று பதில் வந்தது.

அன்றிரவு பக்கத்துக் காம்பராக்களின் அக்காமாரும் தங்கள் துண்டுகளோடு வந்துவிட்டார்கள். பதினொரு பேரின் கணக்கைக் கொப்பியில் தேடித் தேடிக் கூட்ட முடியுமா? உயர்தரம் முடித்துக் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது.

நாம் பார்க்கும் இணையத்தளங்கள் எங்கோ உள்ள சேர்வர் கணினிகளிலிருந்து வருகின்றன. அந்த வேலையை வீட்டுக் கணினியும் செய்யும். அதற்கு மூன்று தேவை: பக்கத்தை எடுத்துத் தரும் அப்பாச்சி, கணக்குப் பார்க்கும் பி.எச்.பி., பதிவுகளைச் சேமிக்கும் தரவுத்தளம். மூன்றையும் சேர்த்துத் தரும் இலவச மென்பொருள்தான் எக்ஸாம்ப். அதிலுள்ள தரவுத்தளத்தின் பெயர் மரியாடிபி. பின்லாந்துக்காரரான மைக்கேல் விடேனியஸ் முன்பு மைஎஸ்கியூஎல்லுக்குத் தன் மகள் மையின் பெயரையும், பின்னர் இதற்கு இளைய மகள் மரியாவின் பெயரையும் வைத்தார்.

வகுப்பிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவினேன். கட்டுப்பாட்டுப் பலகையில் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் இரண்டுக்கும் எதிரே 'ஸ்டார்ட்' அழுத்த வேண்டும். நாம் எழுதும் கோப்புகளை எச்.டி.டொக்ஸ் என்ற கோப்புறையில் வைக்க வேண்டும். பிறகு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் நம் கணினியே பதில் தரும். 127.0.0.1 என்ற முகவரியும் அதுதான். டேட்டா செலவில்லை. அக்காமாரின் கணக்கும் வீட்டைத் தாண்டாது.

எனக்கு அப்பாச்சி உடனே தொடங்கவில்லை. 80ஆம் இலக்கப் போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்திருந்தது. அமைப்புக் கோப்பில் அதை 8080 என்று மாற்றி, முகவரியின் இறுதியிலும் முக்காற்புள்ளியிட்டு 8080 சேர்த்ததும் வேலை செய்தது.

அடுத்த சிக்கல் தமிழ். அம்மாவின் பெயரைப் பதிந்தால் வெறும் கேள்விக்குறிகள் வந்தன. பார்த்துவிட்டு அம்மா சிரித்தார்: "அரப் பேரு போட்டது பத்தாதுன்னு, இதுல பேரே இல்லையா புள்ள?" தரவுத்தளத்தின் எழுத்துமுறையையும் பி.எச்.பி. இணைப்பின் எழுத்துமுறையையும் யுனிகோடுக்கு மாற்றி, பெயர்களை மீண்டும் பதிந்த பிறகே தமிழ் தெரிந்தது.

2022இன் நீண்ட மின்வெட்டு நாட்களில் ஒருமுறை, பதிந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் போய், தரவுத்தளம் திறக்க மறுத்தது. பத்து நாள் பதிவு அழிந்தது. கொப்பி இருந்ததால் தப்பினோம். அதிலிருந்து ஞாயிறுதோறும் 'எக்ஸ்போர்ட்' செய்து பென்டிரைவில் வைக்கிறேன். கொப்பியையும் விடவில்லை.

ஓர் எச்சரிக்கை: எக்ஸாம்பை நிறுவும்போது தரவுத்தளத்தின் நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் இருக்காது. அது வீட்டில் பழகுவதற்கானது. அப்படியே இணையத்தில் திறந்துவிடக் கூடாது.

முதல் அச்சுத்தாளோடு பதினொரு பேரும் சேர்ந்தே அலுவலகத்துக்குப் போனோம். அம்மாவின் இரண்டு அரைப் பேரில் ஒன்று திருத்தப்பட்டது. மற்றதற்கு நிறுவைச் சிட்டு இல்லையென்று கைவிரித்துவிட்டார்கள். அந்த ஏமாற்றமும் ஒரு பாடமாயிற்று. இன்று அக்காமார் தராசடியிலேயே கிலோவைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். இருட்டியதும் குறிப்புகள் என்னிடம் வருகின்றன.

சகோதரிகளே, கணினி படிக்கும் மகள் உங்கள் வீட்டில் இருக்கிறாளா? பாடப் பயிற்சியோடு நிறுத்தாமல், உங்கள் நாள் கணக்கையும் அவளிடம் சொல்லிப் பதியச் சொல்லுங்கள்.