"இது என்ன?" என்று கேட்கும் எட்டுக் கைகள்

தவழும் குழந்தையின் முன் ஒரு புதுப் பொருளை வைத்துப் பாருங்கள். சாவிக் கொத்தோ, மரக் கரண்டியோ, எதுவானாலும் சரி. குழந்தை முதலில் அதை உற்று நோக்கும். பிறகு கையை நீட்டித் தொடும். அடுத்த கணம் அது வாய்க்குள் போய்விடும். "சீ, கீழே போடு!" என்று தாயார் ஓடி வருவதற்குள் ஆராய்ச்சி முடிந்திருக்கும்.

கடலுக்கடியிலும் இப்படி ஒரு பிராணி இருக்கிறது. படித்தவர்கள் ஆக்டோபஸ் என்றும், நம் கடற்கரை மீனவர்கள் பேய்க்கணவாய் என்றும் சொல்லும் பிராணிதான் அது. எட்டுக் கைகள், மூன்று இருதயங்கள், நீல நிற ரத்தம், எலும்பே இல்லாத உடல். இத்தனை விசித்திரங்களையும் பார்த்தால் பேய் என்று பெயர் வைத்ததில் ஆச்சரியமில்லை.

சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் இந்தப் பிராணிக்கு வேறொரு பட்டம் சூட்டினார். முட்டாள் என்பதே அந்தப் பட்டம்! மனிதன் தண்ணீருக்குள் கையை விட்டால், அஞ்சி ஓடாமல் அந்தக் கையையே நோக்கி வருகிறதாம். ஆகையால் அது அறிவற்ற ஜந்து என்பது அவர் தீர்ப்பு. அவ்வளவு பெரிய நீதிபதியின் தீர்ப்பானாலும், அதன்மீது இன்று அப்பீல் செய்வதற்குப் போதிய சாட்சியங்கள் கிடைத்திருக்கின்றன.

கையே நாக்கு

ஆக்டோபஸ் தன் பொந்தின் வாயிலில் இருக்கும்போது முன்பின் அறியாத பொருள் ஒன்று எதிர்ப்பட்டால், உடனே அதன்மேல் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் கண்ணால் அளவெடுக்கிறது. பின்னர் ஒரே ஒரு கை மெதுவாக நீள்கிறது. நுனி பட்டதும் கை பின்வாங்குகிறது. ஆபத்தில்லை என்று கண்டால் மறுபடியும் நீள்கிறது. இரண்டாவது கையும் மூன்றாவது கையும் துணைக்கு வருகின்றன. கடைசியில் அந்தப் பொருள் முழுவதும் கைகளுக்குள் அடங்கி, வாய்க்கு அருகே கொண்டுபோகப்படுகிறது.

ஒவ்வொரு கையிலும் இருநூறுக்கு மேற்பட்ட உறிஞ்சு கிண்ணங்கள் இரு வரிசையாக அமைந்திருக்கின்றன. அவை பிடிப்பதற்கு மட்டும் ஏற்பட்டவையல்ல. ருசி பார்ப்பதற்கும் அவையே கருவி. இந்தக் கிண்ணங்களின் தோலில், தொட்ட மாத்திரத்தில் சுவையறியும் விசேஷ உறுப்புக்கள் இருப்பதை ஹார்வர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2020-ம் ஆண்டில் விளக்கினார்கள். ஆக்டோபஸின் உடலில் ஏறக்குறைய 50 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கிறது! நாம் தொட்டபின் யோசிக்கிறோம். அது தொடும்போதே பாதி யோசித்துவிடுகிறது எனலாம்.

அடங்காத சார்லஸ்

இத்தாலியில் நேபிள்ஸ் நகரக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட், பெர்ட்ராம், சார்லஸ் என்று மூன்று ஆக்டோபஸ்களுக்குப் பீட்டர் டியூஸ் என்னும் விஞ்ஞானி பாடம் கற்பித்தார். நெம்புகோலை இழுத்தால் தீனி கிடைக்கும், இதுதான் பாடம். முதல் இருவரும் சமர்த்தாகக் கற்றுக்கொண்டார்கள். சார்லஸோ நெம்புகோலை முறிக்கும்வரை இழுத்தது. தொட்டிக்கு மேலே தொங்கிய விளக்கைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்தது. போதாததற்கு, சோதனை செய்ய வந்தவர்மீது தண்ணீரைப் பீய்ச்சியது. 1959-ல் வெளிவந்த அறிக்கையில் டியூஸ் இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் எவருக்கும் சார்லஸை அடையாளம் தெரியாமற் போகாது.

விளையாட்டு பிறந்த கதை

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸியாட்டில் நகர மீன் காட்சிசாலையில் ஜெனிபர் மாதர், ரோலண்டு ஆண்டர்ஸன் என்னும் இருவர் எட்டு ஆக்டோபஸ்களைச் சோதித்து, 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றின் தொட்டியிலும் ஒரு காலி மருந்துப் புட்டி மிதக்க விடப்பட்டது. முதலில் எல்லாம் அதைப் பற்றிப் பிடித்து, வாயருகே கொண்டுபோய்ப் பார்த்தன. உணவல்ல என்று தெரிந்ததும், சோதனை திரும்பத் திரும்ப நடக்க நடக்க, அவற்றின் சிரத்தை குறைந்தது.

ஆனால், எட்டில் இரண்டு மட்டும் வேறொரு காரியம் செய்தன. உடலிலுள்ள குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிப் புட்டியை எதிர்ப்புறம் தள்ளின. தொட்டியின் நீரோட்டம் அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுபடியும் பீய்ச்சின, மறுபடியும் புட்டி திரும்பியது. சுவரில் பந்தடிக்கும் பையன் செய்வது இதுதானே? "இது என்ன?" என்று கேட்பது ஆராய்ச்சி. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த பிறகு, "இதைக் கொண்டு நான் என்ன செய்யலாம்?" என்று கேட்பது விளையாட்டு.

இரண்டாவது கேள்வி விளையாட்டோடு நிற்பதில்லை. இந்தோனேஷியக் கடலில் மனிதர்கள் உடைத்து எறிந்த கொட்டாங்கச்சிகள் அடித்தரையில் கிடக்கின்றன. அங்குள்ள ஒரு வகை ஆக்டோபஸ், சேற்றில் புதைந்த மூடியைத் தோண்டி எடுத்துச் சுத்தம் செய்து, வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு, விறைத்த கைகளால் பொய்க்கால் நடை நடந்து செல்கிறது. ஆபத்து வரும்போது இரண்டு மூடிகளைச் சேர்த்து உள்ளே ஒளிந்துகொள்கிறது. 2009-ல் இச்செய்தி வெளியானபோது விஞ்ஞான உலகமே வியந்தது.

குரு இல்லாத சீடன்

இவ்வளவும் அதற்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? ஒருவருமில்லை. பெரும்பாலான ஆக்டோபஸ் இனங்களில் தாய், முட்டைகளைக் காத்துப் பொரிந்த சமயத்தில் இறந்துபோகிறது. தந்தையும் நெடுநாள் வாழ்வதில்லை. ஆயுளோ ஓரிரண்டு ஆண்டு. பெரிய இனமானாலும் நாலைந்து ஆண்டு. அதற்குள் உலகத்தை அறியவேண்டுமானால் தொட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அரிஸ்டாட்டிலின் கையை நோக்கி வந்தது முட்டாள்தனமன்று. அதுவே அதன் பள்ளிக்கூடம்.

இதை எழுதும்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் வகுப்பில் ஒரு பையன், பாடத்தைக் கவனியாமல், ஒரு காந்தத்தை அகப்பட்ட பொருள்களிலெல்லாம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "மக்கு!" என்று அதட்டிக் காந்தத்தைப் பிடுங்கி வைத்தோம். அன்றிரவு அரிஸ்டாட்டிலின் தீர்ப்பு ஞாபகத்துக்கு வந்தது. மறுநாள் காந்தத்தை அவனிடமே கொடுத்து, எதில் ஒட்டுகிறது, எதில் ஒட்டவில்லை என்று எழுதிவரச் சொன்னோம். நீண்ட ஜாபிதா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். பல வருஷங்களாகப் பித்தளை என்று நாம் நம்பியிருந்த மேஜை மணி, முலாம் பூசிய வெறும் இரும்பு என்பது அதைப் படித்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.