பழைய புல்லட் டாப் கியரில் இழுக்கிற இழுப்புக்கு எவ்வளவு கொடுக்கலாம்?



வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நிறைய பேருக்கு வர்ற ஆசை இது. ஒரு பழைய புல்லட் வாங்கணும், லீவு போட்டு ஊட்டி, சோலூர் பக்கம் ஏறணும். விற்கிறவர் அனுப்புற வீடியோவும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: நாலாவது கியர், 40 கிலோமீட்டர் வேகம், கிளட்ச் தொடாம ஆக்சிலேட்டரை முறுக்குறார், முள் 80-க்குப் போகுது. அந்த வீடியோவை நம்பி ஒன்றரை லட்சம் கொடுக்கலாமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

இழுப்பு எங்கிருந்து வருது?

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தயாரான அந்த வார்ப்பிரும்பு இன்ஜின் 346 சிசி. பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. பவர் 18 குதிரைத்திறன்தான். ஆனா டார்க் சுமார் 32 நியூட்டன் மீட்டர், அதுவும் 3000 ஆர்.பி.எம்.மிலேயே கிடைச்சிடும். கூடவே கனமான ஃப்ளைவீல். அதனாலதான் கியரைக் குறைக்காமலே வண்டி நகருது.

இன்றைய 350 இன்ஜினுக்குக் கம்பெனி சொல்றது 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்.பி.எம். ஆக, பழைய வண்டியின் பெருமை வேகத்துல இல்ல, கீழ் வேகத்து இழுப்புல இருக்கு.

மலையில் கதை வேற

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. இன்ஜினுக்குள்ள போற காற்று குறைஞ்சா பவரும் குறையும். 18 குதிரைத்திறன் சுமார் 14.5 ஆகிடும். கார்புரேட்டர் தானா சரிசெய்துக்காது. பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுக்கும், மைலேஜும் அடிவாங்கும்.

வண்டி, நீங்க, பை எல்லாம் சேர்த்து 250 கிலோன்னு வைங்க. 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுற சாலையில் 40 கி.மீ. வேகத்துக்கு, ஏற்றத்துக்கு மட்டுமே 3 குதிரைத்திறன் போயிடும். 80-ல் அது 6. காற்றுத் தடை தனி. டாப் கியரில் 40-ல் போகும்போது இன்ஜின் தன் முழு பவரையும் கொடுக்கிற நிலையில் இருக்காது. அதனால கோயம்புத்தூர் சமவெளியில் எடுத்த வீடியோ சோலூர் ஏற்றத்தைப் பத்தி எதுவும் சொல்லாது.

இறக்கமும் முக்கியம். கல்லட்டி பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பழைய டிரம் பிரேக்கை மட்டும் நம்பாம கீழ் கியரில்தான் இறங்கணும். பணம் செலவழிக்கிறதா இருந்தா முதல்ல பிரேக்குக்குச் செலவழிங்க.

டெஸ்ட் ரைடில் இதைப் பாருங்க

இன்ஜின் நல்லா சூடான பிறகு, காலியான சமதளச் சாலையில், ஹெல்மெட் போட்டு, நீங்களே டாப் கியரில் முறுக்கிப் பாருங்க. பல பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். கவனம்.

- சத்தம் ஏறுது, வேகம் ஏறல: கிளட்ச் தேய்ஞ்சிருக்கலாம்.
- விக்கி விக்கிப் போகுது: கார்புரேட்டர் அல்லது இக்னிஷன்.
- நீல நிறப் புகை: ஆயில் எரியுது. இன்ஜின் வேலை வரலாம்.
- ரொம்பவே நல்லா இழுக்குது: கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை மாத்தியிருக்காங்களான்னு கேளுங்க. 17 பல்லை 16 ஆக்கினா இழுப்பு 6 சதவீதம் கூடும், ஆனா அதே வேகத்துக்கு இன்ஜினும் 6 சதவீதம் அதிகமா சுத்தணும்.

இப்போ பணம்

ரொம்பப் பழைய வண்டிக்கு டூவீலர் லோன் கிடைக்கிறது கஷ்டம். பர்சனல் லோன்தான் கைக்கு வரும். 1,50,000 ரூபாய், 14 சதவீத வட்டி, 36 மாசம்னா இ.எம்.ஐ. சுமார் 5,127 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 34,500.

15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கணும், பசுமை வரியும் உண்டு. ஆர்.சி. யார் பேர்ல இருக்கு, எதுவரை செல்லும்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான புது பைக்குக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. புது வண்டி விலையையும் பக்கத்துல வைச்சு ஒப்பிடுங்க.

என் கருத்து இதுதான். ஆபீஸ் போக உங்ககிட்ட இருக்கப்போற ஒரே வண்டி இதுன்னா, வேண்டாம். ரெண்டாவது வண்டியா, சேமிப்புல இருந்து, விலையில் கால்வாசியை முதல் வருஷ மெக்கானிக் செலவுக்குன்னு தனியா எடுத்து வைச்சுட்டு வாங்குறீங்கன்னா, தாராளமா வாங்குங்க. எமர்ஜென்சி ஃபண்டை மட்டும் தொடாதீங்க. அந்த இழுப்பு ஒரு சந்தோஷம், அதுக்குக் காசு கொடுக்கலாம். அதை முதலீடுன்னு சொல்லி யாராவது வித்தா, நம்பாதீங்க.