வலிப்பு நோய் தீருமா? மூளை எழுதும் கோடுகள் பதில் சொல்லுகின்றன!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீடு. விடியற்காலை நேரம். திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் புறப்படும் அவசரம்.

14 வயது மகள் காப்பி டம்ளரை எடுக்கிறாள். கை 'வெடுக்'கென்று உதறுகிறது. டம்ளர் கீழே உருளுகிறது.

"கவனம் எங்கேடி போச்சு?" என்று தாய் திட்டுகிறாள்.

சித்திரையில் வீரபாண்டி திருவிழா வருகிறது. இரவெல்லாம் கண் விழித்த அந்தப் பெண், மறுநாள் காலையில் வலிப்பு வந்து விழுகிறாள். யாரோ ஓடி வந்து, கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்.

"காக்காய் வலிப்பு! இனி இவளை யார் கட்டுவார்கள்?" என்று தாய் அழுகிறாள்.

இப்படி ஒரு காட்சி எந்த வீட்டிலும் நடக்கலாம். "இது தீருமா, தீராதா?" என்பதுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி. அதற்குப் பதில் ஜாதகத்தில் இல்லை. மூளை எழுதும் கோடுகளில் இருக்கிறது!

மூளையில் மின்சாரம்

நம் மூளையில் மிக மிகச் சிறிய அளவில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனித மூளையின் மின்சார அலைகளை முதன் முதலில் 1924-ம் ஆண்டில் பதிவு செய்தவர், ஜெர்மனி நாட்டு டாக்டர் ஹான்ஸ் பெர்கர். இந்தச் சோதனைக்கு 'இ.இ.ஜி.' என்று பெயர்.

தமிழ்நாட்டில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1949-ம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை, நரம்பு நோய்ப் பிரிவைத் தொடங்கினார். 1952-ல் அங்கே வலிப்பு நோய்க்கு ஆபரேஷனும் நடந்தது.

இ.இ.ஜி. சோதனையில் வலி கிடையாது. 'ஷாக்' அடிக்காது. தலையில் சிறு உலோக வில்லைகளைப் பசை வைத்து ஒட்டுவார்கள். மூச்சை வேகமாக இழுத்து விடச் சொல்வார்கள். கண் முன் விளக்கை மின்னவிட்டுப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்!

சந்தை இரைச்சல்

சந்தையில் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். அது வெறும் இரைச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டினால் எப்படி இருக்கும்? மூளை முழுவதும் அப்படி ஒரே தாளத்தில் துடிப்பதுதான் 'பொது வலிப்பு'. அந்தத் தாளத்தை வைத்து, வந்திருப்பது எந்த வகை என்று டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

வினாடிக்கு 3 அலை: பள்ளிச் சிறுவர், சிறுமியர் சில வினாடி விழித்தபடியே நினைவு தவறுவார்கள். "பாடத்தில் கவனம் இல்லை" என்று வாத்தியார் நினைப்பார். இந்த வகை, பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நின்றுவிடுகிறது.

வினாடிக்கு 4 முதல் 6 அலை, கூடவே கூர்முனைக் கூட்டம்: இது வாலிப வயதில் வரும் வகை. காலையில் கை உதறும். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். டம்ளரைக் கீழே போட்ட பெண்ணுக்கு வந்தது இதுதான். மாத்திரைக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆனால் மாத்திரையை விட்டால், பெரும்பாலோருக்குத் திரும்பி வந்துவிடும்!

வினாடிக்கு இரண்டரைக்கும் குறைவான மந்த அலை: குழந்தையின் வளர்ச்சியும் பின்தங்கி, பல வகை வலிப்பும் வந்தால், நோய் கடினமானது. விடாமல் வைத்தியம் வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா?

"ஆறு மாதமாக வலிப்பு இல்லை. மாத்திரை எதற்கு?" என்று பலர் தாங்களே நிறுத்திவிடுகிறார்கள். இதுதான் பெரிய ஆபத்து.

பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பே வராமல் இருந்தால்தான் டாக்டர்கள் நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள். அப்போதும் கோடுகளில் கூர்முனைகள் தெரிந்தால், வலிப்பு திரும்பி வர வாய்ப்பு அதிகம் என்று பொருள்.

ஒன்றை மறக்கக் கூடாது. கோடு மட்டுமே தீர்ப்பு அல்ல. நோய் இருந்தும் ஒரு நாள் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலிப்பு வந்த விதத்தை நேரில் பார்த்தவர் டாக்டரிடம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

கல்யாணம் நடக்குமா?

தாராளமாக நடக்கும்! வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தை ரத்து செய்ய, இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இடம் இருந்தது. 1999-ம் ஆண்டில் அது நீக்கப்பட்டது.

சில மாத்திரைகள் கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கும். ஆகவே, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே டாக்டரைக் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ள வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

இனி சாவி வேண்டாம்!

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். வலிப்பு தானாகவே நிற்கும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரி! தேனி பக்கத்தில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது.

அந்த 14 வயதுப் பெண்ணுக்கு வேண்டியவை இரண்டுதான். நேரம் தவறாத மாத்திரை; நிறைந்த தூக்கம். அவை இருந்தால் அவள் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம்.

காலையில் காப்பி டம்ளரும் கையில் நிற்கும்!