ஒரே ஓட்டல், ரெண்டு கிளை... வியட்நாம் உணவின் ருசி மட்டும் மாறுவது ஏன்?

ஈசிஆரில் புதுச்சேரிக்குப் போகும்போது மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து சுமார் 35 கி.மீ. தாண்டி, புதுச்சேரியில் வியட்நாம் ரோல் ஆர்டர் செய்தால் கூடவே ஒரு சின்னக் கிண்ணம் வரும். அதன் ஆதாரமும் உப்பும் மீனும்தான். சென்னை கிளையில் சாப்பிட்ட அதே ரோல் இங்கே ‘வேற மாதிரி இருக்கே’ என்று தோன்றினால், முதலில் அந்தக் கிண்ணத்தைச் சந்தேகப்படுங்கள்.

கிண்ணத்தில் என்ன இருக்கு?

‘நுக் மாம்’ எனும் மீன் சாஸ். மீனை உப்பிட்டு வெயிலில் போட்டால் கருவாடு. காயவிடாமல் மாதக்கணக்கில் ஊறவிட்டு வடித்தால் இது. வியட்நாமின் ஃபூ குவாக் தீவில் மூன்று பங்கு நெத்திலிக்கு ஒரு பங்கு உப்பு போட்டு, பெரிய மரப்பீப்பாயில் சுமார் ஒரு வருஷம் வைக்கிறார்கள். அந்தத் தீவின் சாஸுக்கு 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது.

பாட்டிலில் ‘30 என்’, ‘40 என்’ என்று இருக்கும். ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதே அந்தக் கணக்கு. எண் கூடினால் மீனின் சாரம் அதிகம். இதனுடன் தண்ணீர், எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் கலந்ததுதான் மேஜைக்கு வருகிறது. ஒரு கிளை பாட்டிலை மாற்றினாலே ருசி மாறிடும்.

வடக்கா, தெற்கா?

சமையல்காரர் எந்த ஊர் முறையைப் பின்பற்றுகிறார் என்பது அடுத்த கேள்வி. ‘ஃபோ’ நூடுல்ஸ் சூப் ஹனோய் பாணியில் என்றால் தெளிந்த குழம்பு, வெங்காயத்தாள், அவ்வளவுதான். சைகோன் பாணியில் கொஞ்சம் இனிப்பு தூக்கலாக இருக்கும். முளைகட்டிய பயறு, துளசி வகை இலை, எலுமிச்சை எல்லாம் தனித்தட்டில் வரும். 1954-ல் நாடு பிரிந்தபோது தெற்கே போன வடக்கத்தியர்களால்தான் ஃபோ அங்கே பரவலானது. போன இடத்தில் ஆளே மாறிவிட்டது!

புதுச்சேரிக்கு வேறு ஒரு கணக்கு. பிரெஞ்சு ஆட்சியில் இங்கிருந்து பல தமிழர்கள் சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். இன்றைய ஹோ சி மின் நகரில் மாரியம்மன் கோயிலே இருக்கிறது. திரும்பி வந்த குடும்பங்களோடு அந்த ரோலும் வந்தது. எனவே புதுச்சேரியில் சிலருக்கு இது வெளிநாட்டு அயிட்டம் இல்லை, பாட்டி வீட்டுப் பலகாரம். அவர்களிடம் ‘ஒரிஜினல்’ என்று சொல்லி எதையும் வைத்துவிட முடியாது.

எப்படி ஒப்பிடுவது?

ரெண்டு கிளையிலும் ஒரே ரோல், ஒரே ஃபோ சொல்லுங்கள். எலுமிச்சை பிழியும் முன் குழம்பை வெறுமனே ஒரு ஸ்பூன் குடியுங்கள். ரோலின் மேல்தோல் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொரிந்திருந்தால் அரிசித் தாள். வழவழவென்று மொறுமொறுத்தால் அநேகமாக மைதா.

சைவம் சாப்பிடுபவர்களும் மீன் அலர்ஜி உள்ளவர்களும் ஒவ்வொரு கிளையிலும் தனியாகக் கேட்பது நல்லது. டோஃபு ரோல் என்றாலும் கிண்ணத்தில் மீன் சாஸ் வரலாம். சைவத்துக்கு வியட்நாமியச் சொல் ‘சாய்’.